வெள்ளிக்கிழமை விலாசம்

மாப்பிள்ளைக்கு அடையாறில் சொந்த வீடு என்று சொன்னது பொய், அது அவனுடைய சித்தப்பா வீடு என்பதைத் தான் கண்டுபிடித்த விதத்தை மாசிலாமணி மூன்றாவது முறையாகச் சொல்லிக்கொண்டிருந்தபோது வாசல் மணி அடித்தது. கதை பாதியில் நின்றதில் சாருலதாவுக்கு வருத்தம் இருந்ததாகத் தெரியவில்லை.

மயிலாப்பூர் சித்திரக்குளத்துக்குப் பக்கத்தில், வீட்டு முன்னறையையே அலுவலகமாக்கிக் கல்யாண விசாரணை செய்து கொடுப்பது சாருலதாவின் தொழில். பையன் குடிப்பானா, சொன்ன சம்பளத்தில் பாதியாவது உண்மையா என்று பதறாமல் விசாரித்துச் சொல்வார். மாசிலாமணி அவருடைய ஆட்டோக்காரர். சாந்தோம் குப்பத்தில் பிறந்தும் படகில் ஏறினால் குமட்டும் என்பதால், அண்ணன் தம்பிகள் வலையை எடுத்தபோது அவர் மட்டும் ஆட்டோவை எடுத்தார். சவாரிக்கு என்று வந்தவர் சில வருஷங்களில் பாதித் துப்பறிவாளர் ஆகிவிட்டார். மீதிப் பாதியும் ஆகிவிட்டதாக அவருக்கு ஓர் எண்ணம்.

வந்தவள் பெயர் நீரஜா. இருபத்தைந்து, இருபத்தாறு வயதிருக்கும். தோளில் கனமான பை. அடையாறில் இரண்டு நண்பர்களோடு சேர்ந்து, கடைகளுக்குக் கம்ப்யூட்டர் இணைப்புப் போட்டுக் கொடுக்கும் தொழில் நடத்துகிறாளாம். உட்காரச் சொல்லியும் நாற்காலி நுனியில்தான் உட்கார்ந்தாள்.

"மாமி, இது கல்யாண விசாரணை இல்லை. ஆனா என்னால ஒரு கல்யாணம் நின்னுடுமோன்னு பயமா இருக்கு."

"காபி குடிச்சுண்டே சொல்லு. ஒண்ணும் ஓடிப்போயிடாது" என்றார் சாருலதா.

நீரஜா சொன்னாள். தியாகராய நகரில் தேவராஜுலு பாத்திர மாளிகை என்று நான்கு மாடிக் கடை. ஒவ்வொரு பிரிவிலும் பில் போட ஒரு கம்ப்யூட்டர். இவற்றுக்கெல்லாம் தலையாக ஒரு பழைய சர்வர் இருந்தது. அதை எடுத்துவிட்டு, ஆனி மாதத்தில் நீரஜா இரண்டு புதிய சர்வர்களை வைத்தாள்.

"அந்த சர்வரு இன்னா பண்ணும்?" என்று மாசிலாமணி கேட்டார்.

"கடை திறந்ததும் ஒவ்வொரு கம்ப்யூட்டரும் 'இன்னிக்கு எனக்கு என்ன கதவு நம்பர்'னு கேட்கும். ஒரு சர்வர் நம்பர் குடுக்கும். இன்னொரு சர்வர் பேருக்கு விலாசம் சொல்லும். 'விளக்குப் பிரிவு பிரிண்டர் எங்கே இருக்கு'ன்னு கேட்டா, இந்த நம்பர்ல இருக்குன்னு சொல்லும். பில் அங்கே போய் அச்சாகும். முன்னே இந்த ரெண்டு வேலையையும் பழைய சர்வர் ஒண்ணே பார்த்துண்டிருந்தது."

"போஸ்ட்மேன் வேலன்னு சொல்லு."

"கிட்டத்தட்ட அதேதான். புதுசு போட்டதுலேர்ந்து மத்த நாளெல்லாம் தேர் மாதிரி ஓடறது. வெள்ளிக்கிழமை காலையில மட்டும் தகராறு. மூணாவது மாடி விளக்குப் பிரிவு பில்லெல்லாம் கீழே கோடவுன் பிரிண்டர்ல வந்து விழறது. எல்லா பில்லும் இல்லை, சிலது. போன வாரம் ஒரு பொண்ணு வீட்டுக்காரா வெள்ளி விளக்குன்னு சம்பந்திகிட்டே பெருமையா காட்டிண்டிருந்தாளாம். கோடவுன் ஆள் பில்லைத் தூக்கிண்டு மாடியேறி வந்து, 'வெள்ளி முலாம் விளக்கு ரெண்டு, யாருங்க'ன்னு சத்தமா படிச்சுட்டார்."

மாசிலாமணி வாய்விட்டுச் சிரித்தார். சாருலதா பார்த்த பார்வையில் சிரிப்பை நிறுத்திக்கொண்டார்.

நீரஜாவுக்குச் சிரிப்பு வரவில்லை. "நான் பார்த்தவரைக்கும் என் சர்வர்ல குத்தமே இல்லை மாமி. உள்ளேயிருந்தே யாரோ வேற நம்பர் குடுக்கறான்னு முதலாளிகிட்டே சொன்னேன். என் மேல பழி வரக்கூடாதேன்னு அவசரத்துல சொன்னது. அவர் உடனே நல்லசிவம் சாரைப் பிடிச்சுண்டுட்டார். பழைய சர்வரைப் பார்த்துண்டிருந்தவர் அவர்தான். புதுசு வந்ததும் அவரைக் கோடவுனுக்கு மாத்திட்டா. அந்தக் கோபத்துல செய்யறார்ங்கறார் முதலாளி. பில்லும் அவர் பக்கத்திலேயே வந்து விழறதா, கேட்கணுமா. ஞாயித்துக்கிழமை அவர் பொண்ணு அனுவுக்கு நிச்சயதார்த்தம். இந்த வெள்ளிக்கிழமையும் தகராறு வந்தா போலீஸ்ல எழுதிக் குடுத்துடுவேன்னு முதலாளி சொல்றார்."

சாருலதா டம்ளரைக் கீழே வைத்தார். "போன வெள்ளிக்கிழமை நல்லசிவம் கடையில இருந்தாரா?"

"இல்லை. முதலாளி வரவேண்டாம்னு வீட்டுல உட்கார வெச்சுட்டார். ஆனா அன்னிக்கும் இதேதான் நடந்தது. வீட்டுலேர்ந்தே டெலிபோன் வழியா செய்யறார்னு முதலாளி சாதிக்கறார்."

"தகராறு நடக்கறப்போ நீ பார்த்திருக்கியா?"

நீரஜா கொஞ்சம் தயங்கினாள். "அதான் மாமி வேடிக்கை. எனக்குப் போன் வந்து, அடையாறிலேர்ந்து பஸ் பிடிச்சுப் போய்ச் சேர பத்தரைக்கு மேல ஆயிடறது. நான் போய் ஒரு தடவை அணைச்சுப் போட்டா எல்லாம் சரியாயிடறது. அதுக்கு முன்னாடி அவா எத்தனை தடவை அணைச்சுப் போட்டாலும் சரியாகறதில்லை. உன் கைராசிம்மான்னு முதலாளி சந்தோஷப்படறார். எனக்கு அழுகையா வரது."

"பழைய சர்வர் எங்கே?"

"வயரை நானே பிடுங்கி வெச்சேன். காயலான் கடைக்கு அனுப்பிட்டதா முதலாளி சொன்னார்."

"சரி. நீ நிம்மதியா போ. வெள்ளிக்கிழமை மட்டும் கடை திறக்கறதுக்கு முன்னாடியே அங்கே வந்துடு" என்றார் சாருலதா.

அவள் தலை மறைந்ததும் மாசிலாமணி தீர்ப்பை வழங்கினார். "நல்லசிவம்தான் மேடம். வேல போன கடுப்பு."

"மாசிலாமணி, போன வாரம் அந்த மாப்பிள்ளை விஷயத்துலயும் முதல்ல சமையல்காரரைத்தானே சொன்னீங்க."

"அது வேற கேசு மேடம்."

மறுநாள் புதன்கிழமை. இருவரும் கடைக்குப் போனார்கள். ஆவணி முகூர்த்தக் கூட்டம் அலைமோதியது. சீர் பாத்திரம் பார்க்க வந்த குடும்பங்கள் அண்டாவைத் தட்டித் தட்டிச் சத்தம் கேட்டுக்கொண்டிருந்தன. முதலாளி தேவராஜுலு ஆறடி உயரம், அதற்கேற்ற அகலம். நல்ல மனிதர் என்பது முகத்திலேயே எழுதியிருந்தது. நீரஜாவுக்காக விசாரிக்க வந்திருப்பதாகச் சொன்னதும், ரோஸ் மில்க் வரவழைத்துக் கொடுத்துவிட்டுத்தான் பேச ஆரம்பித்தார். பக்கத்தில் அவர் மகன் அச்யுத் நின்றான். மேல்படிப்பு முடித்து வந்து, கடையைப் புதுமைப்படுத்துவேன் என்று ஒற்றைக்காலில் நிற்பவன். கடைக்குள்ளேயே கறுப்புக் கண்ணாடி போட்டிருந்தான். மாசிலாமணி அந்தக் கணமே நல்லசிவத்தை விட்டுவிட்டு அச்யுத்தைப் பிடித்துக்கொண்டார்.

"நல்லசிவம் நல்ல ஆளுதாம்மா. அதனாலதான் மனசு ஆறல" என்றார் தேவராஜுலு. "புதுசு வந்தப்பவே, 'பழசு பழசுதான் முதலாளி'ன்னான். எனக்கும் அப்படித்தான். ஆனா நம்ம பையன் விடல. பழசைக் கட்டிக்கிட்டு அழாதே நைனான்னு என்னையே திட்டுறான்." சொல்லிவிட்டு மகனைப் பார்த்து அசட்டுச் சிரிப்புச் சிரித்தார்.

பேசிக்கொண்டே தன் அறைக்கு அழைத்துப் போனார். கடையின் பின்கட்டில் சிறிய அறை. ஒரு சுவர் முழுக்கச் சாமி படங்கள். எல்லாப் படத்திலும் அன்றைக்குப் பறித்த பூ. படங்களைச் சுற்றி சீரியல் விளக்கு மினுக்கியது. கீழே ஒரு மணையில் மஞ்சள் பட்டுத் துணி போர்த்திய பெட்டி ஒன்று. அதன்மேல் இருந்த கதம்பம் மட்டும் வாடிச் சருகாகியிருந்தது.

"இது என்ன?" என்று சாருலதா சாதாரணமாகக் கேட்டார்.

தேவராஜுலு தொண்டையைச் செருமினார். "எங்க அப்பா காலத்துக் கல்லாப்பெட்டி. யாரையும் தொட விடுறதில்ல."

மாசிலாமணி அந்த நேரம் பார்த்து ஆட்டோச் சாவியைக் கீழே தவறவிட்டார். தவறவிடுவது அவருடைய துப்பறியும் முறைகளில் தலையாயது. குனிந்து தேடுகிற சாக்கில் தரையெல்லாம் கண்ணை ஓட்டினார். சுவரோரம் ஒரு ஸ்விட்ச் போர்டு. அதில் இரண்டு பிளக்குகள். பக்கத்தில், சுவரிலிருந்து வெளியே வந்த கம்ப்யூட்டர் வயர் ஒன்று சும்மா கிடந்தது. அதன் முனையில் சிவப்பாக ஏதோ ஒட்டியிருந்தது. மாசிலாமணிக்கு மயிர்க்கூச்செறிந்தது.

வெளியே வந்து ஆட்டோவில் ஏறும்வரை பொறுத்திருந்தவர், ஏறியதும் கொட்டிவிட்டார். "மேடம், அந்த ரூமுல வயரு நுனில ரத்தம் கீது."

"நானும் பார்த்தேன். ரத்தம் காஞ்சா கறுத்துப் போயிடும் மாசிலாமணி. அது சிவப்பாவே இருந்தது."

"அப்ப லிப்ஸ்டிக். நான் இன்னா சொல்றேன்னா, அந்தக் கறுப்புக் கண்ணாடிப் பையனுக்கு ஒரு பொண்ணு…"

"வண்டியை எடுங்கோ. காயலான் கடைக்குப் போகலாம்."

மாம்பலம் ஸ்டேஷன் பக்கம் காயலான் கடை வைத்திருக்கும் குலாம் முகம்மது மாசிலாமணிக்கு நெடுநாள் சிநேகிதர். பாத்திர மாளிகையின் பழைய சாமானெல்லாம் அவரிடம்தான் வரும். தராசுத் தட்டு ஒன்றைச் சுத்தியலால் நிமிர்த்திக்கொண்டே பதில் சொன்னார்.

"ரெண்டு ஃபேன் வந்துச்சு மச்சி, ஒரு பழைய தராசு வந்துச்சு. கம்ப்யூட்டரு எதுவும் வர்ல. வந்தா நான் உடுவனா? பிரிச்சு வித்தா நல்ல காசாச்சே."

மாசிலாமணிக்கு வெற்றி முகம். "பாத்தீங்களா மேடம். முதலாளி அனுப்பிச்சாரு, இங்க வந்து சேர்ல. நடுவுல யாரோ தூக்கிக்கினு போய்க்கீறாங்க. யாரு? நல்லசிவம். அத வூட்ல வெச்சிக்கினு அங்கேந்து ஆட்டி வைக்கிறாரு. இப்ப வூட்டுக்குப் போனா கையும் களவுமா மாட்டிக்குவாரு."

"அப்போ அந்தக் கறுப்புக் கண்ணாடி?"

"அவரு கூட்டு" என்றார் மாசிலாமணி, கொஞ்சமும் தளராமல்.

நல்லசிவத்தின் வீடு மயிலாப்பூரில் ஒரு சந்தில். கதவு எண் பன்னிரண்டு என்று நீரஜா சொல்லியிருந்தாள். மாசிலாமணி பன்னிரண்டாம் எண் வீட்டுக் கதவைத் தட்டினார். ஓர் அம்மாள் எட்டிப் பார்த்தாள்.

"நல்லசிவமா? பழைய பன்னெண்டா, புது பன்னெண்டா?"

"பன்னெண்டும்மா."

"இது புது பன்னெண்டு. பழைய அஞ்சு. அவர் வீடு பழைய பன்னெண்டு. இப்போ அதுக்கு வேற நம்பர் போட்டுட்டுப் போயிருக்கா கார்ப்பரேஷன்லேர்ந்து. அங்கே பச்சைக் கதவு தெரியறது பாருங்கோ. அவாளுக்கு வரவேண்டிய கல்யாணப் பத்திரிகையெல்லாம் எங்காத்துக்கு வரது. எங்காத்து மணியார்டர் எங்கே போறதோ, அந்தக் கபாலிக்குத்தான் வெளிச்சம்."

மாசிலாமணி கார்ப்பரேஷனைத் திட்டிக்கொண்டே திரும்பினார். சாருலதா நகரவில்லை. நடுச்சந்தில் நின்று, வாசல்தோறும் இரண்டிரண்டாக எழுதியிருந்த எண்களைப் பார்த்து, மெதுவாகச் சிரித்தார்.

"இன்னா மேடம்?"

"ஒண்ணுமில்லை. மணியார்டர் எங்கே போறதுன்னு தெரிஞ்சுபோச்சு. வாங்கோ."

நல்லசிவம் ஒல்லியான மனிதர். கேட்ட கேள்விக்கு மட்டும் பதில் சொல்கிற சுபாவம். ஒற்றை அறையும் சமையலறையும்தான் வீடு. மாசிலாமணி சாவியை இரண்டு தடவை தவறவிட்டுக் கட்டிலுக்கு அடியில்கூடப் பார்த்தார். கம்ப்யூட்டர் இல்லை. டெலிபோனும் இல்லை. போன் பேச வேண்டுமென்றால் தெருமுனை பூத்துக்குத்தான் போக வேண்டுமாம். மகள் அனு காபி கொண்டுவந்து வைத்தாள். நிச்சயதார்த்தத்துக்கு நான்கே நாள் இருக்கிற பெண்ணின் முகத்தில் இருக்க வேண்டிய களை இல்லை.

"மாப்பிள்ளை வீட்டுல கடைக்குப் போய் விசாரிக்கிறதாச் சொல்லியிருக்காங்கம்மா" என்றார் நல்லசிவம். "அவங்களச் சொல்லிக் குத்தமில்ல. எல்லாரும் விசாரிக்கிறதுதான். அங்க போனா கடைக்கே கெடுதல் பண்ணவன்னு சொல்லுவாங்க. நான் கோடவுன்ல மூட்டை எண்ணுனாலும் பரவாயில்ல. இந்தப் பேரோட எம்பொண்ண எப்படி அனுப்புறது?"

அனு சட்டென்று உள்ளே போய்விட்டாள். மாசிலாமணிக்கும் இரண்டு பெண்கள். அதுவரை இந்த மனிதரைக் கையும் களவுமாகப் பிடிக்க ஆசைப்பட்டதை நினைத்து அவருக்கு வெட்கமாக இருந்தது.

"வெள்ளிக்கிழமை காலையில இவர் ஆட்டோ வரும். நீங்க அதுல கடைக்கு வாங்கோ" என்றார் சாருலதா.

"முதலாளி வரக்கூடாதுன்னுட்டாரேம்மா."

"நான் வரச்சொன்னேன்னு சொல்லிக்கலாம்."

வெள்ளிக்கிழமை விடிந்தது. சாருலதாவும் நீரஜாவும் முன்பே வந்து காத்திருந்தார்கள். கடை திறந்ததும் மாசிலாமணி நல்லசிவத்தை அழைத்துக்கொண்டு உள்ளே நுழைந்தார். நெற்றியில் புதிதாக வைத்த குங்குமத்தோடு பின்கட்டு அறையிலிருந்து வந்த தேவராஜுலு, நல்லசிவத்தைக் கண்டதும் முகம் கறுத்தார். அவர் வாய் திறப்பதற்குள் மூன்றாவது மாடியிலிருந்து விற்பனைப் பெண் இசக்கியம்மாள் படியில் தடதடவென்று இறங்கி வந்தாள்.

"முதலாளி, பில்லு மறுபடி கோடவுனுக்குப் போயிட்டு. கஸ்டமர் வையுதாக."

"பார்த்தீங்களாம்மா" என்று தேவராஜுலு சாருலதாவிடம் திரும்பினார். "இவன் காலெடுத்து வச்சான், ஆரம்பிச்சிடுச்சு. நான் போலீசுக்குப் போன் பண்றேன்."

"பண்ணுங்கோ. ஒரு பத்து நிமிஷம் நான் பேசினப்புறம் பண்ணுங்கோ" என்றார் சாருலதா. குரலை உயர்த்தவேயில்லை. ஆனாலும் தேவராஜுலுவின் கை ரிசீவரிலிருந்து இறங்கியது. நீரஜா, அச்யுத், நல்லசிவம், இசக்கியம்மாள் எல்லாரும் குக்கர் அடுக்குக்கு முன்னால் கூடி நின்றார்கள். மாசிலாமணி, அச்யுத் ஓடிவிடாதபடி வாசல் பக்கமாக நின்றுகொண்டார்.

"நல்லசிவம் இருக்கற தெருவுல ரெண்டு நம்பர்" என்று ஆரம்பித்தார் சாருலதா. "பழைய பன்னெண்டுக்கு வர தபால் புது பன்னெண்டுக்குப் போறது. ஏன்னா பழைய கணக்கும் புதுக் கணக்கும் ஒரே சமயத்துல நடமாடறது. நீரஜா, இப்போ கோடவுன் பிரிண்டருக்கு நீ குடுத்திருக்கற நம்பர், பழைய சர்வர் இருந்த காலத்துல யாருடையது?"

நீரஜா யோசித்தாள். அவள் கண் மெல்ல விரிந்தது. "விளக்குப் பிரிவு பிரிண்டரோடது. புதுசு போட்டப்போ அந்த ரெண்டு நம்பரை மட்டும் நான் மாத்தினேன்."

"அப்போ பில் தப்பா போகலை. பழைய விலாசத்துக்குச் சரியாத்தான் போறது. நல்லசிவம் பக்கத்துல விழறது அவர் செஞ்ச சூழ்ச்சி இல்லை, நம்பர் மாறினதோட விளைவு. யாரோ புதுசா எதையும் கொண்டுவரலை. பழைய சர்வரே இந்தக் கடையில உயிரோட இருக்கு. புதுசும் பழசும் போட்டி போட்டுண்டு நம்பர் குடுக்கறது."

"அப்ப ஏன் மேடம் எல்லா பில்லும் போவல?" மாசிலாமணியால் சும்மா இருக்க முடியவில்லை.

"உங்க ஸ்டாண்டுல ஒரு சவாரி வந்து 'அடையாறு போகணும்'னா யாருக்குக் கிடைக்கும்?"

"எவன் முதல்ல வாயத் தொறக்கறானோ அவனுக்கு."

"அவ்வளவுதான். எந்த சர்வர் முந்திண்டு பதில் சொல்றதோ, அது சொன்னதுதான் சட்டம். பழசு குடுத்த நம்பரை வாங்கிண்ட கம்ப்யூட்டர், விலாசத்தையும் பழசுகிட்டேயே கேட்கும். சரி, அது ஏன் வெள்ளிக்கிழமை மட்டும் உயிரோட வரது? அதுவும் பத்தரைக்குள்ள? நீரஜா வந்ததும் சரியாறது அவ கைராசி இல்லை. வெள்ளிக்கிழமை பத்தரைக்கு என்ன ஆரம்பிக்கும்னு இந்த ஊர்ல யாரைக் கேட்டாலும் சொல்லுவா."

"ராகு காலம்" என்றாள் இசக்கியம்மாள்.

"நல்ல காரியத்துக்காக ஏத்தி வெச்சதை ராகு காலம் வரதுக்குள்ள அணைச்சுடறார் ஒருத்தர். கெடுதல் செய்ய வரவன் பஞ்சாங்கம் பார்க்க மாட்டான். அதனால இது பகை இல்லை, பக்தி. பின்கட்டு அறையில எல்லாப் படத்துக்கும் தினம் பூ மாத்தறது. ஒரு பெட்டி மேல மட்டும் வாரம் ஒரு தடவைதான் பூ. சீரியல் விளக்குக்கு ஒரு பிளக் போதும், அங்கே ரெண்டு இருக்கு. கல்லாப்பெட்டிக்குக் கரண்ட் வேண்டாம். வயர் நுனியில மாசிலாமணி பார்த்த சிவப்பு ரத்தமும் இல்லை, லிப்ஸ்டிக்கும் இல்லை. குங்குமம். குங்குமம் தொட்ட கையோட ஒருத்தர் அந்த வயரைச் செருகியிருக்கார்." சாருலதா தேவராஜுலுவைப் பார்த்தார். பார்வையில் கடுமை இல்லை. "மீதியை நீங்களே சொல்லிடுங்களேன்."

தேவராஜுலு பின்கட்டுக்கு நடந்தார். எல்லாரும் பின்னால் போனார்கள். அவர் மஞ்சள் பட்டுத் துணியை விலக்கினார். உடம்பெல்லாம் சந்தனம், நடுவில் பெரிய குங்குமப் பொட்டு, மேலே புதுக் கதம்பம். பழைய சர்வர் சுகமாக உறுமிக்கொண்டு நின்றது. முதுகில் ஒரு சின்னப் பச்சை விளக்கு எரிந்தது.

"நாலு வருஷம் முன்ன இது வந்தப்போ நமக்கு ஒரே ஒரு மாடி" என்றார் தேவராஜுலு. "இது வந்த ராசி, நாலு மாடி. இத எப்படி இரும்புக் கடைக்குப் போடுறது? மனசு வரல. பையனுக்குத் தெரிஞ்சா சிரிப்பான்னு வித்துட்டேன்னு சொல்லிட்டேன். மேல இருந்த டிவி மாதிரிப் பெட்டியத்தான் எடுத்துட்டீங்களே, டிவி இல்லாத பெட்டி என்ன வேலை செய்யப்போவுதுன்னு நினைச்சேன்."

"வயரை ஏன் சார் செருகினேள்?" நீரஜாவுக்கு இன்னும் ஆறவில்லை.

"செருகாட்டி அந்தப் பச்ச விளக்கு எரியலம்மா. பூஜை பண்றப்போ விளக்கு எரியாம இருந்தா எப்படி?"

நீரஜா குனிந்து வயரைப் பிடுங்கினாள். பச்சை விளக்கு அணைந்தது. மாடிக்கு ஓடிப் போய் அங்கிருந்த கம்ப்யூட்டரை அணைத்துப் போட்டாள். கொஞ்ச நேரத்தில், "பில்லு இங்கயே வந்துட்டு" என்று இசக்கியம்மாளின் குரல் மேலேயிருந்து கேட்டது.

அச்யுத் கறுப்புக் கண்ணாடியைக் கழற்றினான். கண் சிவந்திருந்தது, மருந்து போட்டிருந்தான். ஊரெல்லாம் பரவியிருந்த கண்வலிதான். மாசிலாமணி வாசலை விட்டு நகர்ந்து நின்றார். "என்கிட்ட சொல்லியிருக்கலாமே நைனா. நான் சிரிச்சிருப்பேன், அப்புறம் வயரை மட்டும் பிடுங்கிட்டு விட்டிருப்பேன்" என்றான் அச்யுத்.

தேவராஜுலு மகனைப் பார்க்கவில்லை. நல்லசிவத்தின் பக்கம் திரும்பினார். அத்தனை பெரிய உடம்பு சுவரில் சாய்ந்துகொண்டது.

நல்லசிவம்தான் பேசினார். "பக்கத்துல ஒரு அகல் விளக்கு ஏத்தி வையுங்க முதலாளி. நம்ம கடையில விளக்குக்கா பஞ்சம்?"

அறையில் இருந்த எல்லாரும் சிரித்தார்கள், தேவராஜுலுவைத் தவிர. அவர் கண்ணைத் துடைத்துக்கொண்டு, "நிச்சயதார்த்தம் ஞாயிறு எத்தனை மணிக்கு?" என்று மட்டும் கேட்டார்.

ஞாயிற்றுக்கிழமை அந்த ஒற்றை அறை வீடு கொள்ளாத கூட்டம். சாருலதாவும் நீரஜாவும் பாயில் ஓரமாக உட்கார்ந்திருந்தார்கள். வாசலில் செருப்புக் குவியலுக்குப் பக்கத்தில் நின்ற மாசிலாமணியை விலக்கிக்கொண்டு, தாம்பாளம் நிறையப் பழத்தோடு தேவராஜுலு தலையைக் குனிந்து உள்ளே நுழைந்தார்.

மாப்பிள்ளையின் அப்பா மரியாதையாக எழுந்தார். "நீங்கதான் முதலாளியா? உங்க கடைக்கே வந்து நாலு வார்த்தை விசாரிக்கணும்னு இருந்தோம்."

நல்லசிவத்தின் முகம் வெளுத்தது.

"இங்கயே விசாரிங்க" என்றார் தேவராஜுலு. தாம்பாளத்தைக் கீழே வைத்துவிட்டு, சபை முழுவதும் கேட்கும்படி சொன்னார். "இவரு மேல வீண் பழி போட்டு, ஒரு வாரமா வீட்டுல உட்கார வச்சேன். போலீசு வரைக்கும் போக இருந்தேன். தப்பு பண்ணது நானு. இவருக்கு ஒண்ணும் தெரியாது. கடையில இருக்கிற எல்லார் முன்னாடியும் நேத்தே சொல்லிட்டேன். உங்க காதுல வேற மாதிரி வந்து விழுந்துடக்கூடாது, அதான் நானே வந்தேன். நாளையிலேர்ந்து புது சர்வரும் இவரு பொறுப்புதான். நீரஜாம்மா கத்துக்குடுக்கிறேன்னு சொல்லியிருக்கு."

மாப்பிள்ளையின் அப்பா தேவராஜுலுவை ஏற இறங்கப் பார்த்தார். பிறகு தன் மனைவியைப் பார்த்தார். அந்த அம்மாள் தலையை அசைத்தாள்.

"நல்ல நேரம் போகுது. தட்டை மாத்திக்கலாம்" என்றார் அவர்.

பெண் வீட்டார் ஒரு பக்கமும் மாப்பிள்ளை வீட்டார் ஒரு பக்கமுமாக எழுந்து நின்றார்கள். எந்தப் பக்கம் போவதென்று தெரியாமல் தேவராஜுலு வாசல் பக்கம் ஒதுங்கப் பார்த்தார். நல்லசிவம் கூட்டத்தை விலக்கிக்கொண்டு வந்து அவர் கையைப் பிடித்து இழுத்து, தன் பக்கத்தில், பெண் வீட்டார் வரிசையில் நிறுத்தினார். தட்டின் ஒரு பக்கத்தை அவரைப் பிடிக்கச் சொன்னார்.

அனு சிரித்தாள். மாசிலாமணிக்குக் கண் நிறைந்துவிட்டது. யாரும் பார்த்துவிடப் போகிறார்களே என்று, கையிலிருந்த ஆட்டோச் சாவியைக் கீழே தவறவிட்டு, நெடுநேரம் குனிந்து தேடிக்கொண்டிருந்தார்.